சூப்பர்வைசரின் கழுத்து

மாதனூர்,
22-4-2025

என் மூத்த அக்கா மோகனாவுக்குத் தம்பி மதியழகன் எழுதுவது.

கிழித்துப் போடாதே! தமாஷ். தமாஷ் முடிந்தது. இனிமேல் ஒழுங்காக எழுதுகிறேன்.

அன்புள்ள மோகனாவுக்கு, இங்கே நானும் கோழியும் குஞ்சுகளும் சுகம். உன் அக்கா வள்ளியம்மாள் அண்ணியின் காலில் கட்டு எப்படி இருக்கிறது? இட்லிக் கடையை இப்போது நீதான் பார்க்கிறாய் என்று கேள்விப்பட்டேன். விரிஞ்சிபுரத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். நான் இங்கே ஒரு உப்புமா கிண்டினேன். கோழி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். "போன்ல அவர் சிரிப்புதான் கேக்குது, எதுனா சொல்லணும்னா எழுதச் சொல்லுங்க" என்று பக்கத்து வீட்டு நசீமுன்னிசா அம்மாவிடம் சொன்னாயாம். ஏழாவதில் நின்றுபோன ஆளை எழுதச் சொல்கிறாயே, இது நியாயமா? சாய டிரம்மில் தோல் அள்ளுகிற கையில் பேனா வழுக்குகிறது.

நான் அப்படி இன்னா பண்ணிட்டேன்? நசீமுன்னிசா அம்மா பொண்ணு அம்பரீன் கல்யாணத்தில், மண்டப வாசலில் ஒருத்தர், "இவங்க உங்க அக்காவா?" என்று கேட்டார். "ஆமா பாய், மூத்தவங்க" என்றேன். வாசலே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் தலைக்குப் புதுச் சாயம் அடித்திருந்தேன். கட்டின பெண்டாட்டி நீ வெள்ளை முடியோடு பக்கத்தில் நின்றாய். கேட்டவர் மேல் என்ன தப்பு?

ஒரு புகார். உன் காக்கா வரவில்லை. தட்டில் போட்டதைத் தலையைச் சாய்த்துச் சோதனை பண்ணிவிட்டுத்தான் தின்னும் என்று நான் சூப்பர்வைசர் என்று பேர் வைத்தேனே, அது. நீ போனது அதற்கும் தெரிந்துவிட்டது போல. நீ எப்போது வருகிறாய்?

உன்,
மதியழகன்


விரிஞ்சிபுரம்,
28-4-2025

மாமாவுக்கு மோகனா எழுதுவது.

அக்கா கால் தேறி வருகிறது. எனக்கு ஒரே ஒரு அக்கா, அவள் இங்கே கட்டிலில் இருக்கிறாள். நான் யாருக்கும் அக்கா இல்லை. முதல் வரியைப் படித்ததும் மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

கேட்ட ஆள் தெரியாமல் கேட்டார். உங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான், அதைப் பற்றி இனி எழுத எனக்கு இஷ்டம் இல்லை. எப்போது வருவேன் என்றும் கேட்காதீர்கள்.

இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள். கோழிக் குஞ்சுகளைச் சாயந்திரம் கூடையைக் கவிழ்த்து மூடுங்கள். காலையில் பின்சுவரில் சூப்பர்வைசருக்குச் சாப்பாடு வையுங்கள். கழுத்து சாம்பலாக இருக்கிற காக்கைக்கு மட்டும். முழுக்கக் கருப்பாக ஒன்று வந்தால் அது அண்டங்காக்கை, குஞ்சைத் தூக்கிவிடும், விரட்டுங்கள்.

மோகனா


மாதனூர்,
8-5-2025

அன்புள்ள மோகனாவுக்கு,

அக்கா என்று எழுதவில்லை பார். திருந்திவிட்டேன்.

நீ சொன்ன அண்டங்காக்கை வந்துவிட்டது! நீ எழுதியதை அது படித்திருக்கும் போல, மறுநாளே ஆஜர். தலை முதல் வால் வரை கருப்பு. நம்ம டிரம்மில் நல்ல சாயம் இறங்கின ஆட்டுத்தோல் மாதிரி கருப்பு. சூப்பர்வைசர் உட்காருகிற அதே இடத்தில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. அதற்கு எவ்வளவு தைரியம்!

நானும் சும்மா இல்லை. கம்பெனியில் கழித்துப்போட்ட ஒத்தை ஷூக்களை ஒரு கோணியில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வந்தால் ஒரு ஷூ. தினமும் வருகிறது, தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறது. நேற்று ஒரு லேடீஸ் ஹீல்ஸ் அதன் வாலை உரசிக்கொண்டு போனது. நசீமுன்னிசா அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "இன்னா மதி, ஜோடி கிடைக்கலைன்னு காக்காவுக்குக் குடுக்குறியா?" என்கிறார்கள்.

மற்ற காக்கைகளும் என் கட்சிதான். வேப்ப மரத்தில் இருந்து நாலைந்து இறங்கி அதைக் கொத்தி விரட்டுகின்றன.

ஆனால் சூப்பர்வைசரைத்தான் காணோம். வெயிலுக்கு எங்கே போய்ச் சுருண்டுவிட்டதோ. வேலூர் வெயில் காக்காவையும் கருக்கிவிடும் இந்த வருஷம்.

மதியழகன்


விரிஞ்சிபுரம்,
14-5-2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தில் ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. அண்டங்காக்கையை அத்தனை தடவை அடித்தால் அது வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடும். அதே இடத்தில் வந்து உட்கார்ந்து ஆளைப் பார்க்காது. சூப்பர்வைசர் உட்காருகிற இடம் அதற்கு எப்படித் தெரியும்?

இங்கே கடைக்குப் பின்னால் பாலாறு. ஆற்று மணலில் இரண்டு ஜாதியும் வருகிறது. இட்லி வேகிற நேரம் எனக்கு வேறு வேலை இல்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் தெரிந்தது. கழுத்தை மட்டும் நம்பக் கூடாது. காலையில் சூரியனுக்கு எதிரே பார்த்தால் எல்லாக் காக்கையும் கருப்புதான். மழையில் நனைந்தாலும் அப்படித்தான். பெரிசு, சின்னது என்று பார்ப்பதும் உதவாது, தனியாக உட்கார்ந்திருந்தால் எது பெரிசு என்று எப்படிச் சொல்வது?

அதனால் இதையெல்லாம் பாருங்கள். அண்டங்காக்கைக்கு அலகு தடி. மேல் அலகு வளைந்து, உங்கள் கம்பெனியில் தோலை இழுக்கிற குறடு மாதிரி இருக்கும். நம்ம காக்கைக்கு அலகு மெல்லிசு. அண்டங்காக்கை கத்தினால் தொண்டை கட்டினவர் கூப்பிடுவது போல அடியில் இருந்து வரும். நம்மது "கா, கா" என்று மேலே கத்தும். நம்மது கும்பலாக வரும், அது பெரும்பாலும் ஜோடியாக வரும்.

இது குயில் காலமும் கூட. ஆண் குயிலும் முழுக் கருப்பு. காக்கைகள் கொத்தித் துரத்துகின்றன என்கிறீர்களே, அதனால் கேட்கிறேன். கண் சிவப்பா, வால் நீளமா என்று பாருங்கள்.

ஷூ எறிந்துகொண்டே இருந்தால் ஒன்றையும் பார்க்க முடியாது. கோணியை உள்ளே வையுங்கள்.

மோகனா


மாதனூர்,
25-5-2025

அன்புள்ள மோகனாவுக்கு,

கோணி உள்ளே போய்விட்டது. நான் இப்போது பின்வாசலில் கல் மேல் அசையாமல் உட்காருகிறேன். வாயையும் திறப்பதில்லை. நசீமுன்னிசா அம்மா எட்டிப் பார்த்து, "மதி பேசாம குந்தினு இருக்கான், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவர்கள் வீட்டுக்குள் பார்த்துக் கேட்கிறார்கள்.

கண் சிவப்பு இல்லை. கருப்பு. வாலும் அளவுதான். அப்போ குயில் இல்லை. சரி, அண்டங்காக்கைதான் என்று முடிவு பண்ணியிருந்தேன். கோழி என்னை மாதிரி அவசரப்படவில்லை. இந்தக் கருப்பன் சுவரில் உட்கார்ந்திருந்தால் அது பாட்டுக்குக் கிளறிக்கொண்டிருக்கும், குஞ்சுகளும் வெளியேதான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நேற்றுக் காலை முருங்கை மரத்தில் ஒரு சத்தம். தண்ணீர் வராத குழாய் இழுக்குமே, அப்படி, "க்ராவ்" என்று. கோழி உடனே இறக்கையை விரித்துக் குஞ்சுகளை உள்ளே வாங்கிக்கொண்டது. மேலே பார்த்தேன். அடேயப்பா! அலகா அது, கோடாலி! தலையை உயர்த்தினால் நெற்றி அலகில் இருந்து மேடாக எழும்புகிறது. அதற்கு ஜோடி ஒன்று கொஞ்சம் தள்ளி மின்கம்பத்தில்.

அதே நேரம் நம்ம கருப்பன் சுவரில். இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தேன் மோகனா. மேலே இருப்பது காளை, கீழே இருப்பது கன்று. கருப்பனுக்கு அலகு மெல்லிசு. அது கத்தினது சுத்தமான "கா, கா". அதோடு, அத்தனை பெரிய அண்டங்காக்கை மேல் முதலில் பாய்ந்தது இந்தக் கருப்பன்தான். அப்புறம்தான் மரத்துக் காக்கைகள் வந்தன. அந்த ஜோடி பள்ளிகொண்டா பக்கமாகப் பறந்துவிட்டது. வேலை முடிந்ததும் மரத்துக் காக்கைகள் மறுபடி இந்தக் கருப்பனைக் கொத்த ஆரம்பித்தன. நன்றி கெட்டதுகள்.

அலகு நம்ம காக்கை. சத்தம் நம்ம காக்கை. அளவு நம்ம காக்கை. கழுத்து மட்டும் கருப்பு. வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றும் பார்த்தேன், கருப்பேதான். இது எந்த ஜாதி? நான் சிரிக்காமல் கேட்கிறேன். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மதியழகன்


விரிஞ்சிபுரம்,
1-6-2025

மாமாவுக்கு,

கடிதத்தைக் கடையிலேயே பிரித்து அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். குழாய் இழுக்கிற சத்தம் என்று எழுதினீர்களே, அதற்கு அக்கா காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

குஞ்சுக் காக்கையோ என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் இளசுக்கும் கழுத்து மங்கல் சாம்பல்தான், கருப்பு வராது. வாயோரம் சிவப்பாகவும் இருக்கும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, சூப்பர்வைசருக்கு இடது காலில் ஒரு விரல் இல்லை. பட்டத்து நூலில் கால் மாட்டிக் கிடந்தபோது நான்தான் நூலை அறுத்து விட்டேன், அந்த வருஷத்தில் இருந்துதான் அது நம் வீட்டுக்கு வருகிறது. உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் அதன் தலையைத்தான் பார்ப்பீர்கள். இந்தக் கருப்பனின் காலைப் பாருங்கள். கிட்டே வர விடுங்கள், நீங்களாகப் போகாதீர்கள்.

இரண்டு, கம்பெனி சட்டையை எங்கே ஊறவைக்கிறீர்கள்?

நான் இருந்தவரை சாயத்தண்ணியை அன்றைக்கே சாக்கடையில் கொட்டிவிடுவேன். காக்கைக்குத் தனியாக மண்சட்டியில் நல்ல தண்ணி வைப்பேன். நான் இங்கே வந்த பிறகு அந்தச் சட்டியில் தண்ணி ஊற்றினீர்களா?

மோகனா


மாதனூர்,
15-6-2025

அன்புள்ள மோகனாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனேன். மண்சட்டி காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது. பிளாஸ்டிக் டப்பில் என் சட்டை ஊறுகிறது. எப்போது ஊறவைத்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. தண்ணீர் மை மாதிரி இருந்தது. டப்பில் இருந்து சுவர் வரை கருப்புக் கால்தடம். நான் அத்தனை நாளும் அந்தத் தடத்தின் மேலேயே நடந்திருக்கிறேன்.

டப்பைக் கொட்டினேன். புதுச் சட்டியில் தண்ணீர் வைத்து, தட்டில் ரொட்டித் துண்டு வைத்து, கல் மேல் உட்கார்ந்தேன். முதல் நாள் வரவில்லை. ஷூ பட்ட ஞாபகம் அதற்கு இருக்காதா? அப்புறம் சுவருக்கு வந்தது. அப்புறம் சுவரில் இருந்து இறங்கியது. நான் கையைக்கூட அசைக்கவில்லை, கொசு கடித்தாலும் சரி என்று. முந்தாநாள் என் காலடி வரை வந்து ரொட்டியை எடுத்துத் தண்ணீரில் நனைத்தது. தலையைச் சாய்த்தது.

இடது காலில் ஒரு விரல் இல்லை.

நம்ம சூப்பர்வைசர்தான் மோகனா. வெயில் தாங்காமல் என் சாயத்தண்ணியில் குளித்திருக்கிறது. நான் அதற்குப் பட்டினி போட்டு, ஷூவால் அடித்து, "சூப்பர்வைசர் வரவில்லை" என்று உனக்குப் புகாரும் எழுதியிருக்கிறேன். சொந்த ஜனத்துக்கே அடையாளம் தெரியாமல் கொத்து வாங்கிக்கொண்டு, அப்படியும் தினமும் வந்திருக்கிறது.

சோப்புப் போட்டுக் கழுவலாமா என்று கம்பெனியில் நயீம் அகமதிடம் கேட்டேன். என்னோடு அதே டிரம்மில் இருக்கிறவர்தான். "நம்ம சாயம் கழுவினா போறதா இருந்தா நமக்கு ஏன் சம்பளம் தர்றாங்க?" என்றார். புது இறகு முளைத்தால்தான் உண்டாம்.

இதில் தமாஷ் எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மதியழகன்


விரிஞ்சிபுரம்,
6-7-2025

மாமாவுக்கு,

மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். காக்கை மழைக்காலத்துக்கு முன் இறகு உதிர்க்கும். ஆற்று மணலில் இப்போதே ஒன்றிரண்டு இறகு கிடக்கிறது. தினமும் சாப்பாடு வையுங்கள், தண்ணீர் வையுங்கள், வேறு மருந்து இல்லை.

அக்காவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. நடக்கிறாள். கடை நன்றாகப் போகிறது. மார்கபந்தீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள், சாயந்திரம் பணியாரமும் போடுகிறேன். "இங்கயே இருந்துடு மோகனா, ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம், அங்க போயி இன்னாத்தக் கண்ட?" என்கிறாள் அக்கா. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆவணி முடிவதற்குள் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு ஒத்தாசைக்கு வேறு ஆள் வைக்கப் போகிறாளாம்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதினேன். வேறு ஒன்றும் இல்லை.

மோகனா


மாதனூர்,
24-8-2025

அன்புள்ள மோகனாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தாளிலும் நாலாவது வரியில் ஒரு கிண்டல் வந்து உட்கார்ந்துகொண்டது. அது இல்லாமல் எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகிறது.

முதலில் காக்கை. ஆடியில் அது பார்க்கச் சகிக்கவில்லை. கழுத்தில் இறகு கொட்டி, பாதி மொட்டையாக, மழையில் நனைந்த பூனை மாதிரி இருந்தது. பிறகு பிடரியில் கட்டை விரல் அளவு ஒரு இடம் வெளுத்தது. வெயில் படுகிறதோ என்று நினைத்தேன். நீ சொன்னபடி இந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். சாம்பல்தான். இப்போது பிடரி முழுக்க வந்துவிட்டது, மார்பில் மட்டும் திட்டுத் திட்டாகக் கருப்பு. நேற்று வேப்ப மரத்துக் கும்பலோடு ஒரே கிளையில் உட்கார்ந்திருந்தது. எதுவும் கொத்தவில்லை. ஒரு காக்கை அதன் கழுத்தைக் கோதிவிட்டது.

அந்தச் சாம்பல் நிறம் எவ்வளவு அழகு என்று இத்தனை வருஷம் நான் பார்க்கவே இல்லை மோகனா. எத்தனையோ கருப்பு டிரம்மில் இறக்கியிருக்கிறேன். அந்தச் சாம்பலை எந்தச் சாயத்திலும் கொண்டுவர முடியாது.

மண்டப வாசலில் நான் சொன்னது தப்பு. தமாஷுக்குச் சொன்னேன் என்று சொன்னால் அதுவும் தப்பு. வாசலில் நிற்கிறவர்கள் சிரிப்பதற்காக உன்னை விட்டுக்கொடுத்தேன்.

அண்ணிக்கு நீ என்ன பதில் சொன்னாலும் சரி. கடை உனக்குப் பிடித்திருந்தால் இரு. காக்கைக்கு நான் வைக்கிறேன், கோழியையும் பார்த்துக்கொள்கிறேன். குஞ்சு ஒன்றுகூடக் குறையவில்லை. அதையெல்லாம் காட்டி உன்னைக் கூப்பிடக் கூடாது என்று நினைத்தேன். ஆனாலும் நீ வந்தால் நல்லா இருக்கும்.

மதியழகன்


விரிஞ்சிபுரம்,
31-8-2025

அன்புள்ள மாமாவுக்கு மோகனா எழுதுவது.

போன வாரம் நசீமுன்னிசா அம்மா போன் செய்தார்கள். "மோகனா, மதிக்கு இன்னா சீக்கு? தலை பாதி வெளுத்துப்போச்சு, கேட்டா சிரிக்கக்கூட மாட்டேங்குறான். டாக்டராண்ட கூட்டினு போகணும்னா எங்க வீட்டு வண்டி இருக்குது" என்றார்கள். சீக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன். காக்காவைக் கிட்டே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்ததில் இருந்தே சாயம் அடிக்கவில்லையாம்.

காக்கையின் கழுத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்கள். உங்கள் தலையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. உங்கள் கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தது நீங்கள் எழுதாத அந்த வரிதான்.

அக்காவுக்குப் பதில் சொல்லிவிட்டேன். வாரத்தில் வெள்ளி, சனி இரண்டு நாள் வந்து பணியாரம் போடுகிறேன், மற்ற நாளைக்கு ஆள் வைத்துக்கொள் என்று. "அந்த மனுசன்கிட்டயா மறுபடியும்?" என்றாள். "இடது காலைப் பாத்துட்டுத்தான் சொல்றேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆம்பூர் பஸ்ஸில் வருகிறேன். மாதனூர் ஸ்டாப்பில் வந்து நில்லுங்கள். மூட்டை இருக்கிறது, தூக்க வேண்டும். சூப்பர்வைசருக்குப் பணியாரம் கொண்டுவருகிறேன், அவரே சோதனை பண்ணிச் சொல்லட்டும். சாயத் தண்ணி டப்பில் இருந்தால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

இன்னொன்று. ஸ்டாப்பில் டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். உங்களை வெள்ளைத் தலையோடு என் பக்கத்தில் பார்த்து, யார் இவர் என்று யாராவது கேட்டால், "என் மாமனார்" என்று சொல்லப் போகிறேன். நீங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டும்.

அதற்குப் பிறகு சிரிக்கலாம். நேரில் கேட்டு நாளாகிறது.

உங்கள்,
மோகனா